டிப் ஏன் சீக்கிரம் தேய்கிறது? பட்டறைக் கேள்வி–பதில்

ராணிப்பேட்டை, காட்பாடி, ஆம்பூர், அரக்கோணம் என்று பழைய வடஆற்காடு முழுக்க இருந்து வந்த கடிதங்களில் இந்த முறை ஒரே கவலைதான்: டூல் நிற்பதில்லை. அதனால் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டோம். பதிலுக்கு முன் எல்லோருக்கும் ஒரு வேண்டுகோள். தேய்ந்த டிப்பை, அதாவது டூல் நுனியில் மாட்டும் கார்பைடு வெட்டுத் துண்டை, உடனே குப்பையில் போடாதீர்கள். என்ன தப்பு நடந்தது என்பது அந்த முனையிலேயே எழுதியிருக்கிறது.

கே: ஈ.என். 8 (நடுத்தர கார்பன் ஸ்டீல்) கம்பியில் 50 மி.மீ. ஷாஃப்ட் கடைகிறோம். டிப் வகை சி.என்.எம்.ஜி. 120408, ஃபீடு (ஒரு சுற்றுக்கு டூல் நகரும் தூரம்) 0.2 மி.மீ. நிமிடத்துக்கு 900 சுற்றில் ஓட்டியபோது ஒரு முனைக்கு 20 ஷாஃப்ட் வந்தது. ஆர்டர் அவசரம் என்று 1,200-க்கு ஏற்றினோம். இப்போது 8 தான் வருகிறது. டிப் விற்பவர் விலை கூடிய கிரேடு வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா?
— ஜாப் ஒர்க் பட்டறை நடத்துபவர், ராணிப்பேட்டை

ப: இப்போதைக்கு வேண்டாம். டிப்பில் குறை இல்லை. நீங்கள் சொன்ன 20-ம் 8-ம் கணக்கோடு அப்படியே ஒத்துப்போகின்றன.

விட்டத்தை 3.14-ஆல் பெருக்கி, சுற்றால் பெருக்கி, 1,000-ஆல் வகுத்தால் வெட்டு வேகம் மீட்டரில் வரும். 900 சுற்றில் உங்கள் வேகம் நிமிடத்துக்கு 141 மீட்டர். 1,200 சுற்றில் 188 மீட்டர். வேகம் 1.33 மடங்குதான் கூடியது. ஆனால் கார்பைடு முனையின் ஆயுள் வேகத்தின் ஏறக்குறைய நான்காம் அடுக்கில் குறையும். 1.33-ஐ நான்கு முறை பெருக்கினால் 3.16. அதாவது முனை முன்பு நின்ற நேரத்தில் மூன்றில் ஒரு பங்குகூட நிற்காது. ஒரு ஷாஃப்ட் முடிகிற நேரமும் குறைந்திருக்கிறது, அதையும் சேர்த்துப் பார்த்தால் 20 × 1.33 ÷ 3.16, எட்டுச் சொச்சம். இது எஃப். டபிள்யூ. டெய்லர் 26 ஆண்டு சோதனைகளுக்குப் பிறகு 1906-ல் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தில் வைத்த விதி. ஹெச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீட் ஸ்டீல்) டூலுக்கு இது இன்னும் கொடுமை: அங்கே ஏறக்குறைய எட்டாம் அடுக்கு. வேகத்தை 20 சதவீதம் ஏற்றினால் கார்பைடின் ஆயுள் பாதியாகும், ஹெச்.எஸ்.எஸ். கால்வாசிக்கு வந்துவிடும்.

காரணம் சூடு. வேகம் ஏற ஏற முனையின் சூடு ஏறுகிறது. டங்ஸ்டன் கார்பைடு துகள்களைச் சேர்த்துப் பிடித்திருக்கும் கோபால்ட் அந்தச் சூட்டில் இளகுகிறது. ஃபீடைக் கூட்டினாலும் சூடு ஏறும், ஆனால் குறைவாக. கட் ஆழத்தைக் கூட்டினால் அதைவிடக் குறைவு, ஏனென்றால் அப்போது வேலை முனையின் அதிக நீளத்தில் பரவுகிறது. ஆகவே வேலை சீக்கிரம் முடிய வேண்டுமென்றால் முதலில் ஆழம், அடுத்து ஃபீடு, கடைசியில்தான் வேகம். நம் பட்டறைகளில் பெரும்பாலும் இது தலைகீழாக நடக்கிறது. லீவரைத் திருப்புவது சுலபம் என்பதால் வேகத்தில்தான் முதலில் கை வைக்கிறார்கள்.

900 சுற்றுக்கே திரும்புங்கள். ரஃபிங்கில் (முதலில் எடுக்கும் முரட்டுக் கடைசலில்) ஃபீடை 0.2-லிருந்து 0.27 ஆக்குங்கள். 1,200 சுற்றில் மிச்சமான அதே நேரம் இதிலும் மிச்சமாகும், முனையும் நிற்கும். ஒரு பக்கம் 3 மி.மீ. எடுக்க வேண்டியதை ஒரு மி.மீ. வீதம் மூன்று ஓட்டமாக எடுத்துக்கொண்டிருந்தால், ஒன்றரை வீதம் இரண்டு ஓட்டமாக்குங்கள். ஒரே ஓட்டத்தில் 3 மி.மீ. எடுக்க ஆசை வரும். அதற்கு இந்த வேகத்திலும் ஃபீடிலும் 4 கிலோவாட் அளவுக்குச் சக்தி வேண்டும், 5 எச்.பி. மோட்டார் திணறிவிடும். ஒன்றரை மி.மீ.-க்கு அதில் பாதி போதும்.

ஃபினிஷிங்குக்கு மட்டும் ஃபீடு 0.12. ஃபீடை அதே எண்ணால் பெருக்கி, மூக்கு ஆரத்தின் (டிப் நுனி வளைவின் ஆரம்) எட்டு மடங்கால் வகுத்தால் மேற்பரப்பில் விழும் வரியின் உயரம் கிடைக்கும். உங்கள் டிப்பின் 0.8 மி.மீ. ஆரத்தில் 0.2 ஃபீடுக்கு 6 மைக்ரான், 0.27-க்கு 11 மைக்ரான். ரஃபிங்குக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

கே: அப்படியானால் வேகத்தை நன்றாகக் குறைத்து ஓட்டினால் டிப் செலவு மிச்சம்தானே?
— லேத் ஆபரேட்டர், மேல்விஷாரம்

ப: டிப் மிச்சமாகும், பணம் மிச்சமாகாது. மெஷின் ஓடும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் கரண்ட், கூலி, வாடகை என்று செலவு இருக்கிறது. எந்த ஆயுளில் மொத்தச் செலவு குறைவு என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. ஒரு முனையின் விலையை மெஷினின் ஒரு நிமிடச் செலவால் வகுங்கள். அதோடு டிப் திருப்பிப் போட ஆகும் நிமிடத்தைக் கூட்டுங்கள். கார்பைடு என்றால் வந்ததை 3-ஆல் பெருக்குங்கள், ஹெச்.எஸ்.எஸ். என்றால் 7-ஆல்.

உதாரணத்துக்கு, மெஷின் செலவு மணிக்கு 300 ரூபாய், அதாவது நிமிடத்துக்கு 5 ரூபாய். ஒரு முனைக்கு 60 ரூபாய். டிப் திருப்பி, சைஸ் பிடிக்க 3 நிமிடம். 60 ÷ 5 = 12, அதோடு 3 சேர்த்தால் 15, மூன்றால் பெருக்கினால் 45. ஒரு முனை 45 நிமிடம் வெட்டுகிற மாதிரி வேகம் வைத்தால் செலவு குறைவு. இரண்டு மணி நேரம் நிற்கிறது என்றால் நீங்கள் மெதுவாக ஓட்டுகிறீர்கள் என்று அர்த்தம். முனை விலை போடும்போது கவனம்: சி.என்.எம்.ஜி. டிப்பில் நான்கு முனை, டபிள்யூ.என்.எம்.ஜி.-யில் ஆறு, எஸ்.என்.எம்.ஜி.-யில் எட்டு. டிப் விலையை அந்த எண்ணால் வகுக்க வேண்டும்.

இன்னொன்று. சாதா ஸ்டீலில் கார்பைடை 50 மீட்டருக்குக் கீழே ஓட்டினால் உலோகம் முனையில் ஒட்டிக் கட்டி கட்டும். அந்தக் கட்டி பிய்ந்து போகும்போது கார்பைடையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு போகும். மெதுவாக ஓட்டியும் டிப் போகிறதே என்று குழம்புகிறவர்களுக்கு விடை இதுதான்.

கே: டிப்பை எப்போது மாற்ற வேண்டும்? எங்கள் சார் 0.3 மி.மீ. என்கிறார். அதை எப்படிப் பார்ப்பது?
— ஐ.டி.ஐ. மாணவர், வாலாஜாபேட்டை

ப: உங்கள் சார் சொல்வது சரி. முனைக்குக் கீழே, வேலைப்பொருளை ஒட்டி உரசும் பக்கச் சுவரில் விழும் தேய்மானத்தைத்தான் அளக்கிறோம். அது சீராக இருந்தால் சராசரி 0.3 மி.மீ., கோணல்மாணலாக இருந்தால் அதிகபட்சம் 0.6 மி.மீ. ஐ.எஸ்.ஓ. 3685 தரமும் இதையே சொல்கிறது.

மைக்ராஸ்கோப் தேவையில்லை. கடிகாரம் ரிப்பேர் செய்பவர்கள் கண்ணில் வைக்கும் 10 மடங்கு லென்ஸ் ஒன்று போதும். டிப்பைக் கழற்றி மண்ணெண்ணெயில் துடைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் மெல்லச் சாய்த்துப் பாருங்கள். டிப்பின் தங்க நிறமோ கறுப்போ ஆன பூச்சுக்கு நடுவே, முனை ஓரமாக ஒரு வெள்ளிப் பட்டை பளிச்சென்று தெரியும். தலைமயிர் ஒன்றை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மயிர் சுமார் 0.07 மி.மீ. பருமன். பட்டை நான்கு மயிர் அகலம் வந்துவிட்டால் திருப்பிப் போட வேண்டியதுதான்.

பட்டை முனை நெடுக ஒரே அகலத்தில் இருந்தால் அது நல்ல சாவு. வேகம், ஃபீடு, கிரேடு எல்லாம் சரியாக இருக்கிறது என்று பொருள். அகலம் சீக்கிரம் கூடுகிறது என்றால் மட்டும் வேகத்தைக் குறையுங்கள்.

மேல்புறத்தில், முனையிலிருந்து கொஞ்சம் தள்ளி, நகத்தால் கிள்ளியதுபோல ஒரு பள்ளம் தெரிகிறதா? சூடான சுருள் அந்த இடத்தில் உரசிப் போகும்போது கார்பைடையே கரைத்து எடுத்துப் போகிறது. வேகமும் சூடும் அதிகம். பள்ளம் முனை ஓரத்தை எட்டினால் முனை அப்படியே இடிந்து விழும், அதற்கு முன்பே மாற்றிவிடுங்கள்.

கட் ஆழம் முடிகிற இடத்தில் மட்டும், மரத்தில் கோடாலி போட்டதுபோல ஒரு வெட்டு இருந்தால், வேலைப்பொருளின் மேல்தோல் கடினமாக இருக்கிறது. எவர்சில்வரிலும், கருப்புத்தோல் போகாத கம்பியிலும் இது வரும். ஒவ்வொரு ஓட்டத்திலும் ஆழத்தைக் கொஞ்சம் மாற்றி எடுத்தால் வெட்டு ஒரே இடத்தில் விழாது.

முனை மேல் பளபளவென்று உலோகம் ஒட்டியிருந்தால் வேகம் போதவில்லை. அலுமினியத்திலும் குறைந்த கார்பன் ஸ்டீலிலும் இது அதிகம். முனையில் பல் உதிர்ந்தது போல் சிறு சிறு துண்டு போயிருந்தால் அதிர்வு, அல்லது டிப் மிகக் கடினமான கிரேடு, அல்லது டூல் அதிகம் நீட்டிக்கொண்டிருக்கிறது. முனைக்குக் குறுக்கே சீப்பின் பற்கள் மாதிரி மெல்லிய கோடுகள் ஓடினால் அது சூடும் குளிரும் மாறி மாறிப் பட்டதால் வந்த விரிசல். அதைப் பற்றி காட்பாடி வாசகருக்குக் கீழே எழுதியிருக்கிறோம்.

லென்ஸ் கையில் இல்லாதபோது காதையும் கண்ணையும் நம்பலாம். ஒரே செட்டிங்கில் ஷாஃப்ட்டின் விட்டம் மெல்ல ஏறிக்கொண்டே போவது, ஓரத்தில் பிசிர் கூடுவது, சத்தம் கரகரப்பது, எல்லாம் தேய்மானத்தின் அடையாளம். சுருளின் நிறமும் பேசும். கார்பைடில் ஸ்டீல் கடையும்போது சுருள் நீலமாக வந்தால் பயப்பட வேண்டாம், சூடு சுருளோடு போய்விடுகிறது என்பதற்கு அது நல்ல அறிகுறி. ஹெச்.எஸ்.எஸ். டூலில் சுருள் நீலமாக வந்தால் உடனே வேகத்தைக் குறையுங்கள். ஹெச்.எஸ்.எஸ். 600 டிகிரி செல்சியசுக்கு மேல் தாங்காது.

கே: டிப் பெட்டியில் நீலம், மஞ்சள், சிவப்பு என்று போட்டிருப்பது எதற்கு?
— குடியாத்தம்

ப: எந்த உலோகத்துக்கு எது என்பதற்கு. நீலம், 'பி' எழுத்து: ஸ்டீல். மஞ்சள், 'எம்': எவர்சில்வர். சிவப்பு, 'கே': வார்ப்பிரும்பு. பச்சை, 'என்': அலுமினியம், செம்பு, பித்தளை. எழுத்துக்குப் பின்னால் வரும் எண் கூடக் கூட டிப் அடியைத் தாங்கும், ஆனால் சீக்கிரம் தேயும். பி10 ஃபினிஷிங்குக்கு, பி40 முரட்டு வேலைக்கு.

கே: டேனரி டிரம் ஷாஃப்ட் உப்பும் குரோமும் பட்டு அரித்து வருகிறது. வெல்டிங் போட்டு நிரப்பிக் கடைகிறோம். ஒரு ஷாஃப்ட் முடிப்பதற்குள் நான்கைந்து டிப் உடைகிறது. வெல்டிங் முடிந்து பழைய ஷாஃப்ட் ஆரம்பிக்கும் இடத்தில்தான் பெரும்பாலும் போகிறது. என்ன செய்யலாம்?
— மெஷின் ரிப்பேர் பட்டறை, ஆம்பூர்

ப: எந்த இடத்தில் உடைகிறது என்று கவனித்து எழுதியிருக்கிறீர்கள், பாதி விடை அதிலேயே இருக்கிறது. டிரம் ஷாஃப்ட் பெரும்பாலும் ஈ.என். 8. அதில் சுமார் 0.4 சதவீதம் கார்பன். குளிர்ந்த ஷாஃப்ட் மேல் நேராக ஆர்க் வைத்தால், வெல்டிங்கை ஒட்டிய இரும்பு சிவந்து, பக்கத்திலுள்ள குளிர்ந்த இரும்பே அதைச் சட்டென்று குளிர வைத்துவிடும். கொல்லன் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்குவதும் இதுவும் ஒன்றுதான். வெல்டிங்கின் விளிம்பில் வளையமாக ஒரு கடினப் பட்டை உருவாகிறது. மெத்தென்ற வெல்டிங்கை வெட்டி வந்த டிப் திடீரென்று அதில் மோதுகிறது.

ஆகவே திருத்தம் லேத்தில் இல்லை, வெல்டிங்கிலேயே தொடங்க வேண்டும். முதலில் அரித்த இடத்தை முழுதாகக் கடைந்து, முடிவு அளவைவிடப் பக்கத்துக்கு 2 மி.மீ. கீழே போங்கள். இதைச் செய்யாமல் குழிகளை மட்டும் நிரப்பினால் ஃபினிஷிங் பரப்பு பாதி வெல்டிங்கிலும் பாதி கடினப் பட்டையிலும் விழும், டிப் ஒவ்வொரு சுற்றிலும் அடி வாங்கும். 2 மி.மீ. கீழே போய் நிரப்பினால் முடிவுப் பரப்பு முழுக்க வெல்டிங் உலோகத்துக்குள்ளேயே இருக்கும். குறைத்த இடம் முடிகிற ஓரத்தில் செங்குத்துப் படி விடாமல் சரிவாகக் கடைந்து விடுங்கள்.

வெல்டிங்குக்கு முன் ஷாஃப்ட்டை 150 முதல் 200 டிகிரி வரை சூடேற்றுங்கள். கண்மதிப்பில் சூடு தெரியாது, வெப்பநிலை காட்டும் சாக்பீஸ் கடையில் கிடைக்கும். 7018 ராடு பயன்படுத்துங்கள். அது ஈரம் உறிஞ்சும், அதனால் 300 டிகிரிக்கு மேல் ஒரு மணி நேரம் ஓவனில் உலர்த்தி எடுங்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் கசடை சிப்பிங் சுத்தியால் தட்டி, வயர் பிரஷ் போடுங்கள். உள்ளே மாட்டிக்கொள்ளும் கசடு கண்ணாடி மாதிரி, அதில் பட்டால் எந்த டிப்பும் நிற்காது. வெல்டிங் முடிந்ததும் ஈரத்துணியோ தண்ணீரோ வேண்டாம். உலர்ந்த சுண்ணாம்புத் தூளிலோ சாம்பலிலோ புதைத்து ராத்திரி முழுக்க ஆறவிடுங்கள்.

பிறகு லேத். வெல்டிங் மேடுகளை ஆங்கிள் கிரைண்டரால் தட்டையாக்கி, ஒட்டியிருக்கும் கிரைண்டிங் தூளைத் துடைத்துவிட்டு ஏற்றுங்கள். டிப் பி30 அல்லது பி40, மூக்கு ஆரம் 1.2 மி.மீ. வேகம் 50 முதல் 70 மீட்டர், ஃபீடு 0.25. முதல் கட்டிலேயே மிக ஆழமான பள்ளத்துக்குக் கீழே போய்விடுங்கள். மேடு பள்ளம் 2 மி.மீ. என்றால் கட் இரண்டரை. பயந்துகொண்டு அரை மி.மீ. எடுத்தால் முனை தோலிலும் காற்றிலும் மாறி மாறி அடிபட்டே சாகும். கூலன்ட் (குளிர்விக்க ஊற்றும் எண்ணெய்–தண்ணீர்க் கலவை) வேண்டாம். தோல் போன பிறகு வேகத்தை ஏற்றி, புது முனை போட்டு ஃபினிஷ் செய்யுங்கள்.

கே: மில்லிங்கில் போர் தண்ணீரில் கூலன்ட் கலக்கிறோம். இரண்டு வாரத்தில் மேலே தயிர் மாதிரித் திரிகிறது. திங்கள்கிழமை காலையில் மெஷினைத் திறந்தால் அழுகிய முட்டை நாற்றம். டிப்பிலும் குறுக்குக் கோடுகள் தெரிகின்றன.
— சிறு தொழிற்கூடம், காட்பாடி

ப: மூன்றும் வெவ்வேறு நோய்.

திரிவது தண்ணீரால். நம் பக்கத்துப் போர் தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் அதிகம். அவை கூலன்ட்டில் எண்ணெயைத் தண்ணீரோடு கட்டிவைக்கும் சோப்புப் பொருளைப் பிடித்துக்கொள்கின்றன, எண்ணெய் தனியே பிரிந்து மிதக்கிறது. குளிக்கும்போது சோப்பு நுரைக்காமல் திரிவது இதே காரணத்தால்தான். முதல் நாள் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் தொட்டியிலிருந்து ஆவியாவது தண்ணீர் மட்டுமே, உப்பு உள்ளேயே தங்குகிறது. வேலூர் வெயிலில் தினமும் போர் தண்ணீரையே மேலே ஊற்றிக்கொண்டு வந்தால் ஒரு மாதத்தில் தொட்டிக்குள் கடினத்தன்மை எங்கோ போய் நிற்கும். ஆர்.ஓ. தண்ணீர் வாங்குங்கள். சுத்த ஆர்.ஓ. மட்டும் என்றால் நுரை பொங்கும், அதனால் முதல் நிரப்பலுக்கு நாலில் ஒரு பங்கு போர் தண்ணீர் சேர்க்கலாம். அன்றாடம் மேலே ஊற்றுவதற்கு ஆர்.ஓ. மட்டுமே.

அளவு 5 முதல் 8 சதவீதம். 100 லிட்டர் தொட்டிக்கு 94 லிட்டர் தண்ணீர், 6 லிட்டர் எண்ணெய். முதலில் தண்ணீர், அதில் எண்ணெயைக் கலக்கிக்கொண்டே ஊற்ற வேண்டும். எண்ணெயின் மேல் தண்ணீர் ஊற்றினால் கட்டி கட்டிக்கொள்ளும், அப்புறம் சரியாகாது. அளவு பார்க்க ரிஃப்ராக்டோமீட்டர் வேண்டும். அதில் தெரியும் எண்ணை எண்ணெய் டின்னில் அச்சிட்டிருக்கும் பெருக்கெண்ணால் பெருக்கினால்தான் சதவீதம் வரும். பெருக்காமல் அப்படியே எடுத்துக்கொண்டு குழம்புகிறவர்கள் நிறைய.

நாற்றம் கிருமியால். மெஷின் பெட்டில் விடும் எண்ணெய் வழிந்து தொட்டியில் படலமாக மூடிக்கொள்கிறது, காற்று உள்ளே போவதில்லை. காற்றில்லாத இடத்தில் வளரும் கிருமிகள் தண்ணீரிலுள்ள சல்பேட்டைத் தின்று அந்த வாடையை விடுகின்றன. ஞாயிற்றுக்கிழமை பம்ப் ஓடாததால் திங்கட்கிழமை தெரிகிறது. சனிக்கிழமை மாலை மிதக்கும் எண்ணெயை எடுத்துவிடுங்கள். மீன்தொட்டிக்கு வைக்கும் காற்று பம்ப் ஒன்றை விடுமுறையில் ஓடவிட்டால் நல்ல பலன் தெரியும். பி.ஹெச். தாள் வைத்துப் பாருங்கள், 8.5-க்குக் கீழே இறங்கினால் நாற்றமும் துருவும் சேர்ந்து வரும். மாற்றும்போது அடியில் தங்கிய சேற்றைச் சுரண்டி, குழாய் உட்பட கிளீனர் போட்டு அலசிவிட்டு நிரப்புங்கள். பழைய சேறு ஒரு கைப்பிடி இருந்தாலும் புதுக் கூலன்ட் ஒரு வாரத்தில் கெட்டுவிடும். பழையதைக் கால்வாயில் விடாதீர்கள். கழிவு எண்ணெய் எடுக்க உரிமம் பெற்றவர்களிடம் கொடுங்கள். டேனரிக் கழிவால் பாலாறு பட்டது போதும்.

குறுக்குக் கோடு கூலன்ட் ஊற்றும் விதத்தால். மில்லிங்கில் ஒவ்வொரு பல்லும் பாதிச் சுற்று வெட்டிச் சூடேறுகிறது, மீதிப் பாதியில் குளிர்கிறது. அந்த நேரத்தில் கூலன்ட் பட்டால் சூட்டு வித்தியாசம் பல மடங்காகி விரிசல் விழுகிறது. கார்பைடு ஃபேஸ் மில்லில் ஸ்டீலை உலர்ந்தபடியே வெட்டுங்கள், சுருளை ஊதித் தள்ளக் காற்று மட்டும் போதும். லேத்தில் ஊற்றுவதானால் டூல் தொடுவதற்கு முன்பே திறந்து, கடைசி வரை நிறுத்தாமல் கொட்ட வேண்டும். நடுவில் பிரஷ்ஷால் தொட்டுத் தொட்டு வைப்பதைவிட ஒரு சொட்டும் இல்லாமல் ஓட்டுவது எவ்வளவோ மேல். இது கார்பைடுக்கு. ஹெச்.எஸ்.எஸ். டூலுக்கு எப்போதும் கூலன்ட் வேண்டும்.

கே: எவர்சில்வர் 304 பிளேட்டில் 10 மி.மீ. ட்ரில் இரண்டு ஓட்டைக்குள் எரிந்துபோகிறது. பில்லர் ட்ரில்லில் 900 சுற்றில் போடுகிறோம்.
— ஃபேப்ரிகேஷன் வேலை, ஆற்காடு

ப: 900 சுற்று என்றால் 28 மீட்டர். 304-க்கு ஹெச்.எஸ்.எஸ். ட்ரில் 10 முதல் 12 மீட்டர்தான் தாங்கும், அதாவது 320 முதல் 380 சுற்று. ஆனால் வேகத்தைவிடப் பெரிய தப்பு தயக்கம். 304 உரசினால் கடினமாகும் உலோகம். ட்ரில் வெட்டாமல் ஒரு நொடி உரசினாலும் அடியில் கண்ணாடி போல ஒரு தோல் விழுந்துவிடும், அடுத்த சுற்றில் அதைத்தான் வெட்ட வேண்டியிருக்கும். அதனால் கை எடுக்காமல் ஒரே அழுத்தமாகச் சுற்றுக்கு 0.12 முதல் 0.15 மி.மீ. வரை இறக்குங்கள். சுருள் எடுக்க ட்ரில்லைத் தூக்கினால் முழுதாகத் தூக்குங்கள், இறங்கும்போது தயங்காமல் இறங்குங்கள். சென்டர் பஞ்சைப் பலமாக அடிக்காதீர்கள், அடித்த இடமும் கடினமாகும். 5 சதவீதம் கோபால்ட் உள்ள குட்டை ட்ரில், முனைக் கோணம் 135 டிகிரி, தண்ணீர் கலக்காத கட்டிங் ஆயில். ஏற்கெனவே கண்ணாடி விழுந்த ஓட்டையை மறுபக்கத்திலிருந்து போட முடிந்தால் போடுங்கள்.

சாணை பிடிக்கும்போது இரண்டு உதடும் ஒரே நீளம், ஒரே கோணம் இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று நீண்டிருந்தால் அது மட்டுமே வெட்டும், ஓட்டையும் பெரிதாகும்.

கே: வார்ப்பிரும்பு புல்லி கடையும்போது முதல் கட்டிலேயே டிப் மழுங்குகிறது. கூலன்ட் போடலாமா?
— அணைக்கட்டு

ப: கூலன்ட் வேண்டாம். வார்ப்பிரும்புத் தூளும் தண்ணீரும் சேர்ந்தால் சாணைப் பசை மாதிரி ஆகி லேத் பெட்டைத் தின்றுவிடும். பெட்டைத் துணியால் மூடி, வேலை முடிந்ததும் உலர்ந்தபடி துடைத்து எண்ணெய் விடுங்கள். டிப்பைக் கெடுப்பது மேல்தோலில் ஒட்டியிருக்கும் மணல். வயர் பிரஷ் போட்டுவிட்டு, முதல் கட்டிலேயே 2 மி.மீ.-க்கு மேல் ஆழம் எடுத்து முனையைத் தோலுக்கு அடியில் கொண்டுபோங்கள். மெல்லிய ஓரத்தில் அரம்கூட ஏறவில்லை என்றால் அங்கே இரும்பு சீக்கிரம் குளிர்ந்து வெள்ளையாகிவிட்டது. அதை டிப்பால் சரிசெய்ய முடியாது, வார்ப்புக்காரரிடம் திருப்பிக் கொடுங்கள்.

கே: பிரேசிங் டிப் டூலை (ஸ்டீல் தண்டில் கார்பைடு டிப்பைப் பற்றவைத்த டூல்) நாங்களே சாணை பிடிக்கிறோம். பிடித்து வைத்த டூலில் ஓரிரு நிமிடத்தில் டிப் விரிசல் விட்டு உதிர்கிறது.
— கடைசல் பட்டறை, வேலூர்

ப: சூடான டூலைத் தண்ணீரில் முக்குகிறீர்களா? அதுவாகத்தான் இருக்கும். ஸ்டீல் தண்டு சூட்டில் விரியும் அளவு கார்பைடு விரிவதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. சட்டென்று குளிரும்போது இரண்டும் எதிரெதிராக இழுத்து டிப் வெடிக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அந்த விரிசல் லேத்தில் ஏறியதும் திறக்கிறது. கார்பைடு டூலை முக்கவே கூடாது, தானாக ஆற வேண்டும். ஹெச்.எஸ்.எஸ். பிட்டுக்கு வழி வேறு: சூடேறுவதற்கு முன்பே அடிக்கடி முக்கி எடுக்க வேண்டும், சூடேறிய பிறகு முக்கினால் அதுவும் விரியும்.

இரண்டாவது, சக்கரம். சாதா சாம்பல் நிறச் சக்கரத்தில் கார்பைடு வெட்டுப்படாது, உரசிச் சூடேறும். பச்சை நிற சிலிகான் கார்பைடு சக்கரம் வேண்டும். முதலில் சாம்பல் சக்கரத்தில் டிப்புக்குக் கீழேயுள்ள ஸ்டீலை மட்டும் 10 டிகிரி சாய்வாக எடுத்துவிடுங்கள். பிறகு பச்சைச் சக்கரத்தில் கார்பைடை 6 டிகிரிக்குப் பிடியுங்கள், ஸ்டீல் அதில் படக்கூடாது, பட்டால் சக்கரம் அடைத்துக்கொள்ளும். ஒரே இடத்தில் அழுத்தாமல் இடவலமாக நகர்த்திக்கொண்டே இருங்கள். முடிந்ததும் டயமண்ட் கல்லால் முனையை ஒரே ஒரு தடவை மெல்லத் தடவி விடுங்கள். கத்திபோல் கூராக விட்ட கார்பைடு முனை முதல் சுற்றிலேயே உதிரும். அந்தத் தூளில் கோபால்ட் இருக்கிறது, நுரையீரலுக்கு ஆகாது. முகத்தில் துண்டு கட்டினால் போதாது, மாஸ்க் போட வேண்டும்.

கே: கட் ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் டிப் உடைகிறது.
— வாணியம்பாடி

ப: சுழற்சி நிற்கும் அந்தக் கடைசிச் சுற்றில் சுருள் முனையோடு ஒட்டிக்கொள்கிறது, வேலைப்பொருளும் டூலும் ஒன்றையொன்று அழுத்தியபடி நிற்கின்றன. உடனே கிராஸ் ஸ்லைடைப் பின்னால் இழுத்தாலோ, கரண்ட் வந்ததும் அப்படியே ஓட்டினாலோ முனை பிய்ந்துவிடும். முதலில் மெயினை அணையுங்கள், ஃபீடை விடுவியுங்கள். டூல் போஸ்ட் போல்ட்டைத் தளர்த்தி அழுத்தத்தை விட்ட பிறகு டூலை எடுங்கள். லென்ஸில் பார்த்து முனை முழுசாக இருந்தால் மட்டும் திரும்பக் கட்டுங்கள்.

கே: 25 மி.மீ. துளையை போரிங் (உட்புறக் கடைசல்) செய்கிறேன். 16 மி.மீ. பார், 80 மி.மீ. வெளியே நீட்டியிருக்கிறது. அதிர்வு தாங்கவில்லை, டிப் ஓரமும் உதிர்கிறது. ஃபீடைக் குறைத்தும் நிற்கவில்லை.
— டர்னர், அரக்கோணம்

ப: ஸ்டீல் பாரை அதன் விட்டத்தைப்போல நான்கு மடங்கு வரைதான் நீட்டலாம். உங்களுடையது ஐந்து மடங்கு. வளைவு நீளத்தின் மூன்றாம் அடுக்கில் கூடும், 80-ஐ 65 ஆக்க முடிந்தால் வளைவு கிட்டத்தட்ட பாதியாகும். பார் விட்டத்தில் பலன் நான்காம் அடுக்கு: 20 மி.மீ. பார் அந்தத் துளைக்குள் போகும், 16-ஐ விட 2.4 மடங்கு விறைப்பு. சுருள் வெளியேற இடம் குறையும், அதனால் அடிக்கடி நிறுத்தி ஊதி எடுங்கள்.

டிப் சி.சி.எம்.டி. வகையில், மூக்கு ஆரம் 0.4. கட் ஆழம் மூக்கு ஆரத்தைவிடக் குறைந்தால் முனை வெட்டுவதை விட்டுவிட்டுப் பாரைத் தள்ள ஆரம்பிக்கும். ஃபீடைக் குறைத்தும் அதிர்வு நிற்காததற்கு அதுவே காரணம். ஃபீடு 0.1-க்குக் கீழே போகாமல், வேகத்தை மூன்றில் ஒரு பங்கு குறைத்துப் பாருங்கள். முனையை சென்டருக்கு 0.1 மி.மீ. மேலே வையுங்கள். பாரம் ஏறும்போது பார் கீழே வளைந்து சென்டருக்கு வந்து நிற்கும். சென்டரில் வைத்தால் வளைந்து கீழே போய், முனையின் அடிப்பக்கம் துளைச் சுவரில் உரசும். கழற்றிய டிப்பின் அடிப்பக்கத்தில் பளபளப்பான தேய்ப்பு தெரிகிறதா என்று ஒருமுறை பாருங்கள்.